எள்ளலில் பிறந்த பெயர்



1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் இளம் இசைக்குழுவினர் சிலர், ஒலிமாற்றும் கருவிகளைக் காலால் மிதித்தபடி, தலை கவிழ்ந்தே கிதார் மீட்டினர். இசையிதழ்கள் அதனை ‘ஷூகேஸிங்’, அதாவது ‘காலணி நோக்கல்’ என்று எள்ளின. ஸ்லோடைவ் குழு 1995-இல் கலைந்தது.

சுவைஞரோ கைவிடவில்லை. ‘காலணி நோக்கல்’ பிடித்தவர்க்குக் ‘கனவுப் பாப்’பையும், அது பிடித்தவர்க்கு இதனையும் எடுத்துக் கொடுத்தனர். எள்ளற்பெயரே முகவரியாயிற்று. 2014-இல் அக்குழு மீண்டும் மேடையேறியது.

செம்புலப்பெயல்நீரார் இயற்பெயரை நாம் அறியோம். உவமையைச் சுவைத்தோர் இட்ட பெயரே நின்றது. படைப்பைக் காப்பது தீர்ப்பு அன்று. அடுத்தவரிடம் சேர்க்கும் சுவைஞர் கையே. பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் கடனும் அதுவே.