இரண்டு அச்சங்கள்



செய்யத்தகாததைச் செய்தால் மட்டுமன்று, செய்யத்தக்கதைச் செய்யாது விட்டாலும் கேடு விளையும் என்கிறார் வள்ளுவர். முதல் தவற்றை உலகம் கண்டிக்கும். இரண்டாவதைப் பெரும்பாலும் நம் நெஞ்சம் ஒன்றே அறியும். அதனால்தான் அந்த வருத்தம் நெடுங்காலம் நிலைக்கிறது.

1940ஆம் ஆண்டு, லிதுவேனியா நாட்டின் கௌனாஸ் நகரில் சியூனே சுகிஹாரா என்பவர் ஜப்பானின் துணைத்தூதராக இருந்தார். ஜூலை மாதத்தில் யூத அகதிகள் பலர் அவருடைய அலுவலக வாயிலில் திரண்டனர். போலந்திலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்தவர்கள் அவர்களுள் மிகுதி. ஜப்பான் வழியே செல்ல அனுமதி கிடைத்தால் உயிர் பிழைக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை.

சுகிஹாரா தம் அரசை மும்முறை கேட்டார். விதிகளின்படி தகுதி இல்லாதோர்க்கு அனுமதி இல்லை என்றே மறுமொழி வந்தது. உத்தரவை மீறினால் பதவி போகலாம்; மனைவியும் இளங்குழந்தைகளும் உடன் இருந்தனர். கீழ்ப்படிந்தாலோ, எவரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆயினும் வாயிலில் நின்ற முகங்களை வாழ்நாளெல்லாம் மறக்க இயலுமா?

அவர் பேனாவை எடுத்தார். பல வாரங்கள், நாள்தோறும் நெடுநேரம், அனுமதிச் சீட்டுகளைக் கையாலேயே எழுதினார். அவருடைய பட்டியலில் 2,100க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. ஒரு சீட்டில் ஒரு குடும்பமே பயணம் செய்ய முடிந்தது. சீட்டுப் பெற்றோர் பலர் சைபீரியாவை இரயிலில் கடந்து ஜப்பானை அடைந்தனர். 1941 ஜூனில் ஜெர்மானியப் படை லிதுவேனியாவில் புகுந்தது. அங்கு எஞ்சியிருந்த யூதருள் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். ஓராண்டு தயங்கியிருந்தால், அதன்பின் எந்தத் துணிவும் பயன்பட்டிராது.

1947இல் சுகிஹாரா அரசுப் பணியை இழந்தார். 1985இல் இஸ்ரேல் அவரைச் சிறப்பித்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் பல தொழில்கள் செய்து பிழைக்க நேர்ந்தது. பதவி போனதே என்ற வருத்தம் அவருக்கு இருந்திருக்கலாம்; வாளாவிருந்து விட்டோமே என்ற வருத்தத்திற்கு இடமே இல்லை.

துணிவாவது அச்சமின்மை அன்று. இரண்டு அச்சங்களை எடைபோட்டுப் பார்ப்பது. இன்று நேரும் இழப்புக்கு அஞ்சுவதா, நாளை நம் நெஞ்சே நம்மைக் கேட்கப்போகும் கேள்விக்கு அஞ்சுவதா? குற்றமற்ற தோழன் ஒருவன்மீது வகுப்பில் பழி விழும்பொழுது, உண்மை அறிந்த நீங்கள் எழுந்து நிற்க வேண்டிய கணம் ஒன்று வரும். அது சிறிய கணந்தான், ஆனால் காத்திராது. அப்பொழுதே எழுந்து நில்லுங்கள்.