நடுவில் வைத்த தட்டு

(அரியலூர் வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாலை நேரத்தில் பெரம்பலூர் பஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், தள்ளுவண்டிக் கடையில் இரும்புச் சட்டி அதிரும் சத்தம் கேட்கிறது. 'ஹக்கா நூடுல்ஸ்' என்று பலகை தொங்குகிறது. நம் பிள்ளைகள் வாங்கித் தின்கிறார்கள். ஹக்கா என்றால் என்ன? ஏதோ மசாலாவின் பெயர் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அது ஒரு உழைக்கும் ஜனக்கூட்டத்தின் பெயர் என்பதைக் கல்கத்தாவில்தான் தெரிந்துகொண்டோம். அங்கே ஒரு வேளை சாப்பிட்ட கதையை இன்று உங்கள் முன் வைக்கிறோம். சாப்பாட்டுக் கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். அதில் நம்மீதே ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது.

ஒரு மாநாட்டுக்காக ஐந்து பேர் போயிருந்தோம். சிமெண்ட் ஆலைத் தோழர் ஒருவர்; எறையூர் சர்க்கரை ஆலைத் தோழர் ஒருவர்; வேப்பந்தட்டைப் பக்கம் வெங்காயக் காட்டில் களையெடுக்கும் அக்கா ஒருவர்; செந்துறைப் பக்கத்திலிருந்து அறுபது கடந்த விவசாயத் தொழிலாளி ஒருவர்; கட்சி ஊழியராக நாம். மாநாடு முடிந்த மறுநாள் வங்காளத் தோழர் ஒருவர், "வாருங்கள், டாங்ராவுக்குப் போவோம்" என்று கூட்டிப் போனார். நகரத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் சீனர் குடியிருப்பு அது.

விருந்தாளிகள் என்று பெயர்

ஹக்கா என்ற சொல்லுக்கு 'விருந்தாளிக் குடும்பங்கள்' என்று அர்த்தம். போருக்கும் பஞ்சத்துக்கும் தப்பி, பல நூற்றாண்டுகளாக வடசீனத்திலிருந்து தெற்கே நகர்ந்தவர்கள் அவர்கள். நல்ல வயலெல்லாம் முன்பே வந்தவர்கள் கையில் இருந்தது. இவர்களுக்குக் கிடைத்தது மேடும் மலையும்தான். அந்தக் காலத்தில் சீனத்தில் பெண் குழந்தைகளின் பாதங்களைத் துணியால் இறுக்கிக் கட்டிச் சிறுக்க வைக்கும் கொடிய வழக்கம் இருந்தது. ஹக்காக்களிடம் அந்த வழக்கம் இல்லை. ஏன்? அவர்கள் வீட்டுப் பெண்கள் வயலில் இறங்கி வேலை செய்யவேண்டும்!

வங்காளத்துக்குச் சீனர் வந்த கதை பழையது. 1780 வாக்கில் டோங் அச்சு என்பவர் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று, ஹூக்ளி ஆற்றங்கரையில் கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை ஆலை நடத்தினார். அவர் பெயரால் அந்த ஊர் இன்றும் அச்சிப்பூர். நாம் சர்க்கரையைச் 'சீனி' என்கிறோமே, அந்தச் சொல்லே சீனத்தைக் குறித்து வந்ததுதான். இதைக் கேட்ட எறையூர்த் தோழர், "அப்போ நம்ம ஆலை மூட்டையிலயும் சீனாக்காரன் பேருதான் இருக்குது!" என்று சிரித்தார்.

செருப்பு வேண்டும், செய்தவன் வேண்டாம்

ஹக்காக்கள் டாங்ராவில் நிலைத்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அது அப்போது சதுப்பு நிலம். அங்கே அவர்கள் தோல் பதனிட்டார்கள். நம் நாட்டில் தோலைத் தொட்டவன் தீட்டுப்பட்டவன் அல்லவா? செருப்பு வேண்டும், செருப்பைச் செய்தவன் திண்ணையில் ஏறக்கூடாது! மேல்சாதி முதலாளி கை வைக்கக் கூசிய அந்தத் தொழிலில் இவர்கள் கை வைத்தார்கள். முதல் உலகப் போரில் ராணுவ பூட்சுக்குத் தோல் தேவைப்பட்டது, தொழில் பெருகியது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பதனிடும் தொட்டிகளில் இறங்கி வேலை செய்த கூலிகள் பெரும்பாலும் பீகாரிலிருந்து வந்த தாழ்த்தப்பட்ட ஜனங்கள். தொட்டி சீனருடையது, வேர்வை பீகாரியுடையது. சுரண்டலுக்குத் தேசம் கிடையாது, தோழர்களே.

1962ல் எல்லைப் போர் மூண்டது. அஸ்ஸாம், டார்ஜிலிங், ஷில்லாங் முதலிய இடங்களிலிருந்து சுமார் 3000 சீன வம்சாவளியினரைக் குழந்தை குட்டிகளோடு ரயிலேற்றி, ராஜஸ்தானத்தில் டியோலி முகாமில் அடைத்தார்கள். அவர்களில் பலர் இந்த மண்ணில் பிறந்தவர்கள்; சீனத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. சிலர் வெளியே வர நாலைந்து ஆண்டுகள் ஆயின. அதே 1962ல் நம் தோழர்கள் பலரும் பாதுகாப்புச் சட்டத்தில் சிறையிலே கிடந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பிறகு ஆயிரக்கணக்கான சீனர்கள் கானடாவுக்கும் பிற நாடுகளுக்கும் போய்விட்டார்கள். 1996ல் சுப்ரீம் கோர்ட்டு, தோல் பட்டறைகளை நகரத்துக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னது. அவை பந்தாலாவுக்குப் பெயர்ந்தன. எஞ்சியவர்களில் பலர் பட்டறை இருந்த இடத்திலேயே சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். நம் ஊர்த் தள்ளுவண்டி வரைக்கும் வந்த ருசி இந்தக் கல்கத்தாச் சீனர்களின் அடுப்பில் பிறந்ததுதான்.

யார் முதலில் எடுப்பது?

அப்படிப்பட்ட ஒரு சிறு கடையில் உட்கார்ந்தோம். வட்ட மேஜை. ஆளுக்கொரு சோற்றுக் கிண்ணம். குழம்பு, கறி எதுவும் தனித்தனியாக வரவில்லை. இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு ஆவியில் வேகவைத்த முழு மீன். பச்சை மிளகாய் போட்டு வதக்கிய கோழி. சோயா மொச்சைப் பாலைத் திரித்துக் கட்டியாக்கி, நடுவில் கறி அடைத்த பண்டம். ஒரு கீரை வதக்கல். எல்லாவற்றையும் நடுவில் வைத்தார்கள். வெங்காயத்தாளைப் பார்த்ததும் அக்காவுக்கு முகம் மலர்ந்தது: "இது நம்ம காட்டுச் சரக்கு!"

ஆனால் யாரும் எடுக்கவில்லை. கடைக்கார மூதாட்டி நின்று பார்த்தார். இந்தியில் ஏதோ சொன்னார். வங்காளத் தோழர் விளக்கினார்: வயதில் மூத்தவர் முதலில் எடுக்கவேண்டும், அவர் எடுத்தபிறகுதான் மற்றவர்கள் எடுப்பார்கள், அதுதான் சீனர் வழக்கம்.

எங்களில் மூத்தவர் செந்துறைப் பெரியவர். அவரோ மேஜையை விட்டு ஒரு முழம் தள்ளி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கிண்ணத்தை இரு கையாலும் ஏந்தியபடி இருந்தார். "நீங்கல்லாம் எடுங்க தோழர், நான் அப்புறமா வாங்கிக்கிறேன்" என்றார்.

'எடுத்துக்கொள்கிறேன்' என்று சொல்லவில்லை. 'வாங்கிக்கொள்கிறேன்' என்றார்! மேஜை அவருக்காகக் காத்திருந்தது. அவர் மேஜைக்காகக் காத்திருந்தார். அறுபது வருஷமாகக் கையை ஏந்தி வாங்கியே பழகிய மனிதருக்கு, நடுத்தட்டில் தன் கை முதலில் விழலாம் என்பது நம்ப முடியாததாக இருந்தது.

மூதாட்டி வந்தார். மீனின் நல்ல பாகத்தை எடுத்து அவர் கிண்ணத்தில் வைத்தார். நாற்காலியை மேஜையோடு தள்ளிவிட்டார். பிறகு எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். நாங்கள் சாப்பிட்டோம். பெரியவரும் இரண்டாம் முறை தானாகவே கரண்டியை நீட்டி எடுத்தார்.

குற்றச்சாட்டு

ரயிலில் திரும்பும்போது சிமெண்ட் ஆலைத் தோழர் ஒரு கேள்வி கேட்டார்: "இருபது வருஷமா பெரியவர் ஊருக்கு நாம போறோம். கூட்டம் போடுறோம். எந்த வீட்டுல சாப்பிட்டோம்?"

யோசித்துப் பார்த்தோம். ஊர்த்தெருவில் சாப்பிட்டிருக்கிறோம். கடைத்தெருவில் சாப்பிட்டிருக்கிறோம். பெரியவர் வீட்டில் டீ குடித்திருக்கிறோம். கூழ் குடித்ததில்லை! யாரும் தடுக்கவில்லை. 'ஏழை வீட்டுக்கு ஏன் சிரமம்' என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அந்தச் சமாதானத்துக்குப் பின்னால் என்ன ஒளிந்திருந்தது என்பதை அந்த மேஜை காட்டிவிட்டது.

தோழர் பி. சீனிவாசராவை நினைத்துப் பாருங்கள். பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர், கன்னட நாட்டுக்காரர். 1940களில் கீழத்தஞ்சைக்கு வந்து சேரியிலே படுத்து, சேரிச் சோற்றைத் தின்று, சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக ஜனங்களைத் திரட்டினார். அவர் பேச்சை ஜனங்கள் நம்பியதற்கு அவர் சாப்பிட்ட இடமும் ஒரு காரணம்.

சில டீக்கடைகளில் தனி டம்ளர் வைத்ததை எதிர்த்துப் போராடியவர்கள் நாம். இன்று காகிதக் கப் வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே கப் என்கிறோம். கப் மாறியது சரி. பெஞ்சில் யார் உட்காருகிறார், யார் வெளியே நின்று குடிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். ஆலை கேண்டீனில் யார் யாரோடு டிபன் டப்பாவைத் திறக்கிறார் என்று கவனியுங்கள். கூலி உயர்வுக்கு ஒன்றாகக் கொடி பிடிக்கும் கை, ஒரு தட்டில் ஒன்றாக விழாவிட்டால், நெருக்கடி வரும்போது அந்த ஒற்றுமையை முதலாளியும் நிலச்சுவான்தாரும் சுலபமாகப் பிளந்துவிடுவார்கள்.

ஆகவே தோழர்களே, இந்தக் கூட்டம் முடிந்ததும் யாரும் கலைந்துபோக வேண்டாம். சாப்பாடு தயாராகிக்கொண்டிருக்கிறது. சமைப்பவர்கள் காலனித் தாய்மார்கள். வெங்காயம் உரித்துக் கொடுத்தவர்கள் ஊர்த்தெருத் தாய்மார்கள். பந்தி வரிசை கிடையாது. வட்டமாக உட்காருவோம். சோறும் குழம்பும் நடுவில் இருக்கும். யாரும் யாருக்கும் போடவேண்டாம், அவரவர் எடுத்துக்கொள்வோம்.

செந்துறைப் பெரியவர் இதோ முன் வரிசையில் இருக்கிறார். அவர் முதலில் எடுப்பார். நாம் அதுவரை காத்திருப்போம்.