வளங்குன்றா வளர்ச்சியும் நம் காலனிக் கிணறும்

 

வெள்ளி விழாக் காணும் இக்கழகத்தின் மேடையில் உயர்கல்வி பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பொதுவான அறிவுரைகளை நீங்கள் நிரம்பக் கேட்டிருப்பீர்கள். ஆகவே, என்னிடம் படித்த ஒரு மாணவியின் கல்வி அனுபவத்தை மட்டும் சொல்ல விரும்புகிறேன். அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதில் என் தவறும் ஒன்று உண்டு. அதை மறைக்கப் போவதுமில்லை.

அம்மாணவி இராசிபுரம் பக்கத்துக் காலனி ஒன்றைச் சேர்ந்தவள். தாயார் சேகோ ஆலையில் குச்சிக்கிழங்குக்குத் தோல் சீவும் கூலித் தொழிலாளி. கல்வி உதவித்தொகையின் துணையால் வேதியியலில் இளநிலைப் பட்டம் பெற்ற அவள், ஒருநாள் என்னிடம் வந்து, "சார், சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்ஸி. சேரலாம் என்று இருக்கிறேன்" என்றாள். நான் சொன்னது இது: "அது வசதி படைத்தவர்கள் படிக்கும் படிப்பம்மா. பி.எட். முடி, போட்டித் தேர்வு எழுது. மரம் நடுவதற்குப் பட்டம் எதற்கு?" அவள் மறுமொழி ஏதும் கூறாமல் வணங்கிச் சென்றாள். ஆனால், தான் விரும்பிய படிப்பிலேயே சேர்ந்தாள்.

முதற்பருவத்தில் அவள் கற்ற முதற்சொல் 'வளங்குன்றா வளர்ச்சி' என்பதாகும். இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும்போது, வருங்காலத் தலைமுறை தன் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலைக் கெடுத்துவிடக் கூடாது என்பதே அதன் கருத்து. வகுப்பில் ஒருநாள், ஒவ்வொருவர் வீட்டிலும் நாளொன்றுக்கு எத்தனை இலிட்டர் நீர் செலவாகிறது, அதில் எவ்வளவைக் குறைக்கலாம் என்று கணக்கிடச் சொன்னார்களாம். மற்றவர்கள் நூற்றுக்கணக்கில் இலிட்டர் சொன்னார்கள். இவளோ, "எங்கள் வீட்டுக்கு எட்டுக் குடம், இதில் எதைக் குறைப்பது?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அதன்பின் பல நாள் அவள் வாய் திறக்கவில்லை. படிப்பை விட்டு ஊர் திரும்பிவிடலாமா என்றும் எண்ணியிருக்கிறாள்.

அவளை மீட்டது நூலகம். அந்த விளக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினாள். நார்வே நாட்டின் பிரதமராக இருந்த குரோ ஹார்லம் புருந்த்லாந்து அம்மையார் தலைமையில் ஐக்கிய நாடுகள் அவை அமைத்த ஆணையம், 1987இல் வெளியிட்ட அறிக்கையில் உள்ளது அது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது அவ்விளக்கத்தின் முதல் வாக்கியத்தை மட்டுமே. அடுத்த வரிகளிலேயே, தேவை என்பது உலக ஏழைகளின் இன்றியமையாத் தேவைகளைக் குறிப்பாகச் சுட்டும் என்றும், அவற்றுக்கே எல்லாவற்றிலும் முதன்மை தரவேண்டும் என்றும் அந்த அறிக்கை கூறுகிறது. எட்டுக் குடம் நீரில் வாழும் வீட்டுக்கு இன்னும் சில குடங்கள் கிடைக்கச் செய்வதும் வளங்குன்றா வளர்ச்சியே. மறுநாள் வகுப்பில் அந்தப் பக்கத்தை அவள் எழுந்து நின்று படித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

மற்றொன்றையும் அவள் கண்டுகொண்டாள். சுற்றுச்சூழல் நமக்குப் புறம்பான பொருள் என்று நான் நினைத்தேன் அல்லவா? 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்தில் நீரை அள்ளிப் பருகினார். அது பொது நீர்வளம் அனைவர்க்கும் உரியது என்னும் போராட்டமன்றி வேறென்ன? 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்திற்கு வித்திட்டவர்களுள் அவரும் ஒருவர். நம் மாநிலத்திலும், 1924இல் பொதுச் சாலைகளும் கிணறுகளும் நம் மக்களுக்குத் திறக்கப்பட வேண்டும் என்று சென்னைச் சட்டமன்றத்தில் குரல் கொடுத்தார் இரட்டைமலை சீனிவாசன். இத்துறையில் நமக்கு முன்னோர் உண்டு. அதை அறியாதிருந்தவன் நானே.

இறுதியாண்டு ஆய்வுக்குத் தன் காலனிக் கிணற்றையே அவள் எடுத்துக்கொண்டாள். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் சேகோ ஆலைகள் பலருக்குப் பிழைப்பளிப்பவை. அவற்றின் விற்பனைக்காக 1981இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கமே தோன்றியது. கிழங்கைக் கழுவி அரைத்து மாவுப்பாலைத் தெளியவைக்க ஏராளமான நீர் வேண்டும். வெளியேறும் கழிவுநீரில் தங்கும் மாவுப்பொருளை நுண்ணுயிர்கள் தின்னும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. நீர் புளித்து நாறுகிறது. அது நிலத்தில் ஊறிக் கிணறுகளைச் சேர்கிறது.

கிழங்குப் பருவம் முழுவதும் மாதந்தோறும் மேல்தெருக் கிணற்றிலும் காலனிக் கிணற்றிலும் நீர் எடுத்துச் சோதித்தாள். குடிநீரில் கரைந்த உப்புகள் இலிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டும். வேறு நீர் இல்லாதவிடத்து 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. மேல்தெரு நீர் எல்லைக்குள் நின்றது. காலனி நீர் மேல் எல்லையையும் கடந்திருந்தது. காரணம் எளிது: மேடு ஊருக்கு, பள்ளம் நமக்கு. நம் குடியிருப்புகள் பள்ளத்தில் அமைந்தது தற்செயல் அன்று. கழிவுநீர் சாதி அறியாது. ஆனால் பள்ளத்தை அறியும்.

ஆலையை மூடவேண்டும் என்று எழுத முனைந்தாள். அதைக் கேட்ட தாயார், "மூடச் சொல்லாதே கண்ணு, கூலிக்கு நான் எங்கே போவேன்?" என்றார். அந்த இரவு அவள் உறங்கவில்லை என்று என்னிடம் சொன்னாள். கிணறா, கூலியா? இரண்டில் ஒன்றை இழந்தே தீரவேண்டும் என்றால் அதற்கு வளர்ச்சி என்று பெயரில்லை. மீண்டும் நூல்களைத் தேடினாள். அதே கழிவுநீரைக் காற்றுப் புகாத கலனில் அடைத்தால், வேறுவகை நுண்ணுயிர்கள் மாவுப்பொருளை எரிவாயுவாக மாற்றும். ஆலைக்கு எரிபொருள் செலவு குறையும். கழிவின் கேடும் பெரிதும் குறையும். சேலம் வட்டாரத்தில் சில ஆலைகள் இதைச் செய்தும் வருகின்றன. ஆலை நிற்கட்டும், கழிவு ஓடாதிருக்கட்டும் என்று அவள் ஆய்வை முடித்தாள். அந்த முடிவில் பாதி தாயாருடையது.

பின்னர், மார்ச் 22ஆம் நாள் உலக நீர் நாளில் கூடிய கிராம சபையில் தன் சோதனை முடிவுகளை அவள் படித்தாள். தீர்மானம் நிறைவேறிற்று. காலனிக்குக் குழாயில் காவிரி நீர் வந்தது. ஆனால் கிணறு இன்னும் கரிக்கிறது. ஆலையில் கலன் இன்னும் அமையவில்லை. வெற்றி முழுமையானதென்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அவள் இன்று ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறாள். மனு எழுதுவதையும் நிறுத்தவில்லை.

இளைஞர்களே! உங்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, எந்தப் படிப்பும் நமக்குரியதன்று என்று யார் சொன்னாலும், சொல்பவர் உங்கள் தலைமையாசிரியரே ஆயினும், நம்பாதீர்கள். இரண்டாவது, வகுப்பில் உங்கள் வாழ்க்கையைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். எட்டுக் குடம் என்பதும் ஒரு புள்ளிவிவரமே. மூன்றாவது, கற்றதை ஊருக்குக் கொண்டு வாருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் உங்கள் தெரு நீரைச் சோதிக்கலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே முன்வரிசையில் அமருங்கள்.

பெற்றோர்களே! பட்டம் முடித்த பிள்ளை புரியாத ஒரு படிப்பின் பெயரைச் சொன்னால், என்னைப்போல் உடனே மறுத்துவிடாதீர்கள். அது என்னவென்று கேளுங்கள். நான் கேட்டிருந்தால், ஈராண்டுக் காலம் அவள் என் முகத்தைப் பார்க்கத் தயங்கியிருக்க மாட்டாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது அவள், "நீங்கள் கற்றுக்கொடுத்த எழுத்துத்தானே சார்" என்றாள். ஆசிரியனுக்கு இதனினும் பெரிய பரிசு இல்லை.

நம் கல்விக் கழகம் பொன்விழாக் காணும் நாளில், அந்தக் கிணற்று நீரை நாம் அனைவரும் பருகும் நிலை வரவேண்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.