மூடிய அறையில் புகை வேண்டாம்



நம் டிரஸ்டுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில், பிள்ளைகளின் இளைப்பும் வீசிங்கும் அடிக்கடி இடம்பெறுகின்றன. மருந்துக்கும் இன்ஹேலருக்கும் உதவுகிறோம். ஆனால் அதே பிள்ளை கதவு, ஜன்னல் அடைத்த அறையில் கொசுவத்திச் சுருள் புகையில் தூங்கினால், மருந்து மட்டும் எப்படிப் போதும்?

ஒரு சுருள் எரிந்து வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. சிகரெட்டையே வாசலோடு நிறுத்தும் வீடுகளிலும் சுருள் கட்டிலடியில் எரிகிறது. சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டுவோம். ஜன்னலுக்கு வலை அடிப்போம். தண்ணீர்த் தொட்டியை மூடி வைப்போம்.

சாம்பிராணியை விட்டுவிடச் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துப் போடுங்கள். புகை போன பிறகு பிள்ளையை உள்ளே கொண்டுவாருங்கள். சஹருக்குச் சமைக்கும்போதும் அடுப்படி ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கொசுவலை வாங்க வசதியில்லாதவர்கள் தயங்காமல் அலுவலகத்தில் சொல்லுங்கள், வாங்கித் தருகிறோம். பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அல்லாஹ் அவர்களுக்குப் பூரண ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.