கிரிப்ஸ் வந்த நேரம்

அரசியல் சீர்திருத்தம் பேச சர் ஸ்டாபோர்டு கிரிப்ஸ் 1942-ல் வந்தாரே, பஞ்சாங்கம் பார்த்தா வந்தார்? யுத்தப் படத்தைப் பார்த்து வந்தார்! பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் போயிற்று; மார்ச்சு 8-ல் ரங்கூன் போயிற்று; 11-ந் தேதியே அவர் வரவைச் சர்ச்சில் பார்லிமெண்டில் அறிவித்துவிட்டார். கொண்டுவந்ததோ, யுத்தம் முடிந்த பிறகு அரசியல் நிர்ணய சபை என்கின்ற வாக்கு. அவசரம் அவர்களுக்கு, காத்திருப்பு நமக்கு!

மார்ச்சு 30-ல் ஈ.வெ.ரா. முதலிய ஜஸ்டிஸ் கட்சியார் டில்லியில் அவரைக் கண்டு திராவிட நாடு தனியாக வேண்டுமென்றார்கள். சென்னைச் சட்டசபையில் தீர்மானம் செய்யுங்கள், அல்லது பொதுஜன ஓட்டில் ஜெயியுங்கள் என்றாராம். எந்தச் சட்டசபை, தோழர்களே? 1939-ல் காங்கிரஸ் மந்திரிகள் இராஜினாமாச் செய்தது முதல் கவர்னர் ஆட்சியல்லவா நடந்தது? பூட்டிய வீட்டைக் காட்டி, உள்ளே போய்ச் சாப்பிடு என்பதா விருந்து? காங்கிரசும் லீக்கும் மறுக்கவே, ஏப்ரல் 12-ல் கிரிப்ஸ் புறப்பட்டுவிட்டார். அந்தப் பூட்டோ 1946 வரை திறக்கவில்லை.