கேனரியின் சங்கீதம்



பச்சைக்கிளியையும் மைனாவையும் கூண்டிலடைத்து வளர்ப்பது 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம், அது நியாயமும்கூட. ஆயினும், வீட்டில் ஒரு பறவையின் குரல் கேட்கவேண்டும் என்ற ஆசை மனிதனை விட்டுப் போய்விடவில்லை. திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஆலைத் தொழிலாளர் வீட்டுத் தாழ்வாரங்களில் தொங்கும் கூண்டுகளில் பெரும்பாலும் லவ் பேர்ட்ஸ்தாம் இருக்கின்றன. அவற்றின் கலகலப்பு இனிமைதான் என்றாலும், பாட்டைக் கேட்கும் ரசனையுள்ளவர்கள் நாடவேண்டியது, பல நூற்றாண்டுகளாகக் கூண்டிலேயே வம்சம் வம்சமாகப் பிறந்து வளர்ந்துவரும் கேனரியைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பாலுள்ள கேனரித் தீவுகளில், பச்சையும் பழுப்பும் கலந்த மங்கல் நிறத்தோடு திரிந்த இந்தச் சிறு பறவையை ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். நாம் இன்று வியக்கும் மஞ்சள் நிறம் கூண்டு வாழ்க்கையில் வந்தது. அதன் சங்கீதத்தைச் செம்மைப்படுத்திய பெருமையோ, பிரபுக்களைக் காட்டிலும், ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப் பிரதேசத்தில் சுரங்கங்களில் உழைத்த தொழிலாளிகளையே சேர்ந்தது. இளம் ஆண் பறவைகளைத் தனித்தனிச் சிறு கூண்டுகளிலிட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, நன்றாகப் பாடும் மூத்த பறவையொன்றின் அருகே வைத்து, அதன் பாட்டை மட்டுமே கேட்கச்செய்து, அவர்கள் அப்பியாசம் அளித்தார்கள். அந்த இருட்டு எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அதில் காட்டிய சிரத்தையை மறுக்க முடியாது. அவர்கள் வளர்த்த 'ரோலர்' இனம், அலகை ஏறக்குறைய மூடியபடியே, மந்தர ஸ்தாயியில் உருண்டு வரும் நாதத்தை இசைக்கிறது. பெல்ஜியத்து வாட்டர்ஸ்லாகரின் பாட்டில் நீரோசை கேட்கும். ஸ்பெயின் தேசத்து டிம்பராடோவின் குரலில் கணீரென்ற உலோக நாதம் உண்டு.

பாடும் ஆண் கேனரியை அருகிலிருந்து கவனித்தால், தொண்டை இறகுகள் புடைத்து நடுங்குவதைக் காணலாம். மூச்சே விடாமல் நீண்ட பிருகாக்களைப் பொழிவதாகத் தோன்றும். உண்மையில் ஒலிக்கும் ஒலிக்கும் நடுவே, கண்ணிமைக்கும் நேரத்திற்கும் குறைவான இடைவெளியில், அது சுவாசத்தை இழுத்துக்கொள்கிறது. நம் வித்துவான்கள் ஆயுளெல்லாம் சாதகம் செய்து தேடும் வல்லமை அது! பாட்டு பிறவியிலேயே பூரணமாக வருவதும் அன்று. குஞ்சு முதலில் குழறி, கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டு, முதல் வருஷத்துக்குள் தேறுகிறது. இறகு உதிர்க்கும் பருவத்தில் பாட்டு அடங்கிவிடும். அடுத்த பருவத்தில் பழையவற்றில் சிலவற்றை விட்டுவிட்டுப் புதிய சங்கதிகளைச் சேர்த்துக்கொள்ளும். வளர்ந்த பறவையின் மூளையிலும் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றன என்பதை விஞ்ஞானி பெர்னாண்டோ நாட்டபோம் 1980களில் கண்டறிந்தது கேனரியை ஆராய்ந்துதான்.

இத்தனை நுட்பமான சுவாசமே அதற்கு அபாயமும் ஆகிறது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவை அறிய 1986 வரையில் கேனரியை வைத்திருந்தார்கள். மனிதனுக்கு முன்பே அது மயங்கி விழும். ஆலைகள் நிறைந்த நம் பிரதேசத்தில், புகை வரும் திசைக்கு எதிரே கூண்டைத் தொங்கவிடலாகாது. கொசுவர்த்தியும் சாம்பிராணியும் அதனருகே வேண்டாம். அடுப்பில் வெறுமே காய்ந்துபோன நான்-ஸ்டிக் தவாவின் ஆவி அதைச் சில நிமிஷங்களிலேயே கொன்றுவிடக்கூடும். கத்திரி வெயிலில் நிழலும், குளிக்க ஆழமில்லாத தட்டில் தண்ணீரும் அவசியம். கேனரி விதை, தினை, சிறிது கீரை, அவித்த முட்டை ஆகியவை ஆகாரம். சுண்ணாம்புச் சத்துக்கு, நாட்டுமருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கும் கணவாய் ஓடே போதும்.

கேனரி வாங்க நினைக்கும் நேயர்களுக்கு என் வேண்டுகோள் இது: நிறத்தைப் பார்த்து விலை பேசாதீர்கள். பெட்டை பெரும்பாலும் பாடாது. ஆகையால், ஆண்தான் என்று கடைக்காரர் சொன்னாலும், கூண்டருகே சற்று நேரம் நின்று, அது பாடுவதைக் காதால் கேட்ட பிறகே வாங்குங்கள். சிறகு விரித்து இங்குமங்கும் பறக்கும் அளவுக்கு நீளமான கூண்டுக்குப் பணம் போதாவிட்டால், அது சேரும் வரையில் பறவையை வாங்குவதை ஒத்திப்போடுங்கள்.