வெட்டுண்ட பெயர்

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் முதிய நண்பர் ஒருவர், சென்ற ஆண்டு ஓர் அலுவலகத்தின் இணையப் படிவத்தில் தம் பெயரை 'வெங்கடேசன்' என்று தமிழில் எழுதி அனுப்பினார். வந்து சேர்ந்த சான்றிதழில் 'வெங்கட' வரையில்தான் பெயர் இருந்தது. அதையடுத்து ஒரு கேள்விக்குறி. சான்றிதழைக் காட்டிய இடத்தில், 'இவர் வேறு யாரோ' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எழுபது வயதில் அவர் மும்முறை அலைந்தார்.

அன்பர்களே, இணையப் பக்கத்தில் நாம் காண்பது பரிமாறிய இலையை மட்டுமே. சமையல் நடப்பது சர்வர் என்னும் தொலைவிலுள்ள கணினியில். (ஓட்டல் சர்வராவது நம்மெதிரே வந்து நிற்பார், இந்தச் சர்வர் அடுக்களையை விட்டு வெளிவருவதே இல்லை.) அங்குள்ள நிரலே நம் விடைகளை வாங்கிச் சேமிக்கிறது. ஆகவே அதன் பிழையை வெளியில் நின்று ஊகித்தே அறிய வேண்டியதாயிற்று.

நண்பரின் மருமகன் கணினித் தொழிலில் இருப்பவர். அவர் முதலில் ஆங்கில எழுத்துகளை இட்டுப் பார்த்தார். இருபது எழுத்துகள் தங்கின, இருபத்தொன்றாவது மறைந்தது. பிறகு தமிழில் 'வெங்கட' என்று மட்டும் இட்டார், பழுதில்லாமல் வந்தது. ஏகாரக் குறியைச் சேர்த்ததும் உடைந்தது. அவ்வளவில் காரணம் விளங்கிவிட்டது.

யு.டி.எஃப்.-8 என்னும் குறியீட்டு முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று வேண்டும். 'வெங்கடேசன்' நம் கண்ணுக்கு ஆறெழுத்து. கொம்பும் புள்ளியும் தனிக் குறிகளாதலால் கணினிக்குப் பத்து. பைட்டுக் கணக்கிலோ முப்பது! நிரல் இருபதாவது பைட்டில் வெட்டியிருக்கிறது. ஆறு குறிகள் பதினெட்டைக் கொண்டன. ஏழாவதான ஏகாரக் குறியில் மூன்றில் இரு பங்கே எஞ்சியது. அந்தத் துண்டே கேள்விக்குறியாயிற்று. பி.எச்.பி. மொழியில் நீளம் அளக்கும் சாதாரணக் கட்டளை பைட்டுகளையே எண்ணும். குறிகளை எண்ணுவதற்கு வேறு கட்டளை உண்டு.

படிவத்தைச் சோதித்தவர்கள் ஆங்கிலப் பெயர்களை மட்டுமே இட்டுப் பார்த்திருக்க வேண்டும். கன்னட எழுத்துக்கும் மூன்று பைட்டுகளே. ஆகவே இந்நகரத்துக் கன்னடியருக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கும். சோதனை என்பது தவறாதவற்றைத் தவறவில்லை என்று உறுதி செய்யும் சடங்காகிவிடலாமோ?

எந்த உள்ளீட்டுக்கு எந்த விளைவு வந்தது என்பதை வரிசையாக எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினோம். அதை ஆங்கிலமாக்கியது அடியேன். குறைகூறும் சொற்களை நீக்கி, சோதனைகளை மட்டும் வைத்தேன். இரு வாரங்களில் திருத்தம் நடந்தது. இப்போது மருமகன் 'கோமதி' என்ற பெயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 'கோ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் இடலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் இடலாம்; பார்வைக்கு வேற்றுமை இல்லை. ஒரு வகையில் பதிந்த பெயரை மற்ற வகையில் தேடினால் அந்தப் படிவம் 'இல்லை' என்கிறது. அடுத்த கடிதத்துக்கு நான் ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறேன்.